ஊசி இறங்கும் முன்

சிங்கப்பூரின் கோல்மன் ஸ்ட்ரீட்டில், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில், அடெல்ஃபி என்று ஒரு கட்டடம். அதே பெயரில் அங்கிருந்த பழைய ஹோட்டல் 1973இல் மூடப்பட்டது. இப்போது நிற்பது எண்பதுகளில் எழுந்தது. வெளியே நின்று பார்த்தால் வக்கீல் ஆபீஸ்கள் நிறைந்த கட்டடம் என்றுதான் தோன்றும். அவையும் இருக்கின்றன. ஆனால் மின்படியில் ஏறினால் மாடிக்கு மாடி ஹை-ஃபை கடைகள். ஒரு கதவு திறந்து மூடும் இடைவெளியில் தைவான் பாடகி சாய் சின்னின் குரல் அரை வரி வெளியே வரும். இன்னொரு கதவிலிருந்து ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா' தொடங்கும் முன் எழும் கைதட்டல். நாலு கடை தள்ளி, யாரோ பேஸ் கிட்டாரின் ஒரே நரம்பைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் முதலில் அங்கே போனது வாங்குவதற்கு இல்லை. பக்கத்து ஃபுனான் கடைத்தொகுதியில் கம்ப்யூட்டர் சாமான்களை வேடிக்கை பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து, ஏர்கான் குளிருக்காக உள்ளே நுழைகிற மாணவர்களில் ஒருவன். வாங்காமல் ஹை-ஃபை கடைக்குப் போவதற்கென்று ஒரு நாகரிகம் உண்டு. எதையும் தொடக்கூடாது. விலை கேட்கக்கூடாது, கேட்டால் வாங்கமாட்டாய் என்பது தெரிந்துபோகும். நடு நாற்காலியில் தானாகப் போய் உட்காரக்கூடாது, அது பணம் கொடுக்கப்போகிறவருடையது. சுவரோரம் நின்று கேட்கலாம். பாட்டு ஓடும்போது வாய் திறக்காமல் இருந்தால் அடுத்த முறை பக்கத்து நாற்காலியைக் காட்டுவார்கள். அதற்கடுத்த முறை சீனத் தேநீர் வரும். இப்படித் தேநீர் வரை போன ஒரு கடையில்தான் பிற்பாடு எனக்கு வேலை கிடைத்தது. முதலாளி ஹொக்கியன் பேசும் வயதான சீனர். என்னோடு பாதி ஆங்கிலம், பாதி பஸார் மலாய். ஒருநாளும் என் படிப்பைப் பற்றிக் கேட்டதில்லை. நான் கதவை எப்படிச் சாத்துகிறேன் என்பதை மட்டும் கவனித்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

அந்தக் கதவிலிருந்தே தொடங்கலாம். கடைக்குக் கண்ணாடிக் கதவு. அதைத் தாண்டிப் பாட்டுக் கேட்கும் அறைக்கு இன்னொரு கதவு. கனமான மரம், நாலு விளிம்பிலும் ரப்பர் பட்டை. இழுத்துச் சாத்தும்போது கடைசி ஒரு விரல் இடைவெளியில் காற்று லேசாக எதிர்க்கும். அந்த இடத்தில் அவசரப்பட்டால் 'டப்' என்று அடிக்கும். பொறுத்து அழுத்தினால் காதுக்குள் மெல்லிய அழுத்தம் ஏறி இறங்கும். அவ்வளவுதான், கோல்மன் ஸ்ட்ரீட் இல்லாமல் போய்விடும். மிச்சம் இருப்பது ஏர்கானின் சன்னமான காற்றுச் சத்தம். அதையும் முதலாளி விடமாட்டார். பெரிய வாடிக்கையாளர் வந்தால் முன்கூட்டியே அறையை நன்றாகக் குளிரவைத்து, பாட்டு தொடங்கும் நேரம் ஏர்கானை நிறுத்திவிடுவார். இருபது நிமிடம் தாங்கும். அதற்குள் வியாபாரம் முடிய வேண்டும்.

ஒலியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒலி வந்த பிறகு நடப்பதையே எழுதுகிறார்கள். மேடை அகலமாக விரிந்தது, குரல் உருகியது என்று. எனக்கு அந்தக் கடைகளில் ருசித்தது பெரும்பாலும் ஒலிக்கு முந்தைய வேலைகள். விரல் எங்கே போகிறது, எவ்வளவு மெதுவாகப் போகிறது, எது சரியாக அமையும்வரை பாட்டே கிடையாது என்று அடம்பிடிக்கிறார்கள் என்பது.

வால்யூம் குமிழை எடுத்துக்கொள்வோம். குமிழின் எடைக்கும் அதிலிருந்து வரும் ஒலிக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. எந்த இன்ஜினியரும் இதைச் சொல்லிவிடுவார். ஆனாலும் ஜப்பான்காரர்கள் இந்த மாதிரிக் குமிழ்களுக்காகப் பட்ட பாட்டை நினைத்தால் ஆச்சரியம் தீராது. அக்யூஃபேஸ் ஆம்ப்ளிபயரின் முகப்பு முழுக்க ஷாம்பெயின் தங்க நிறம். கீழே ஒரு சிறிய மூடி. பொத்தானை அழுத்தினால் அது விழாது, தானே நிதானமாக இறங்கித் திறக்கும். அதற்குள் அன்றாடம் தேவைப்படாத சின்னச் சின்னக் குமிழ்கள். பழைய மரான்ட்ஸ் ரிசீவர்களில் ஸ்டேஷன் பிடிக்கும் சக்கரம் படுக்கைவாட்டில் இருக்கும். பெருவிரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் உள்ளே இருக்கும் கனமான சக்கரத்தின் வேகத்தில் முள் தானே அலைவரிசைப் பட்டையில் நெடுந்தூரம் ஓடி நிற்கும். பாட்டே வேண்டாம், அதை உருட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்க மெக்கின்டாஷின் அழகு வேறு. கறுப்புக் கண்ணாடி முகப்பு, அதில் நீல மீட்டர்கள். எழுத்துகள் கண்ணாடியின் பின்பக்கம் இருப்பதால் எத்தனை வருடம் துடைத்தாலும் தேயாது. விளக்கு அணைந்திருந்தால் வெறும் கறுப்பு. எரிந்தால் பச்சையில் பெயர் தெரியும். அந்த மீட்டரின் முள் பாட்டோடு ஆடும்போது வாடிக்கையாளரின் தலையும் ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எனக்குத் தனிப் பொழுதுபோக்கு. மீட்டரை மூடிவிட்டுக் கேட்கச் சொன்னால் பாதிப் பேருக்குச் சுவை குறைந்துவிடும் என்பது என் சந்தேகம். அதில் தவறும் இல்லை. கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் முகத்தைப் பார்க்காமல் கேட்கிறவர் எத்தனை பேர்?

இன்னொன்று, ஆன் செய்தவுடன் வரும் மௌனம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர்கள் பலவற்றில் சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கருக்கு இணைப்புப் போகாது. உள்ளே மின்சாரம் நிலைப்படும்வரை சில விநாடி காத்திருந்து ஒரு ரிலே 'டிக்' என்று இணைக்கும். இல்லையென்றால் தொடக்க அதிர்ச்சி ஸ்பீக்கரைக் குத்திவிடும். ஒவ்வொரு கம்பெனிக்கும் அந்தக் காத்திருப்பின் நீளம் வேறு, 'டிக்'கின் சுருதி வேறு. கதவு திறந்திருந்தால், அறைக்கு வெளியே நின்றபடி, உள்ளே எந்தப் பெட்டியை எழுப்பியிருக்கிறார்கள் என்று அந்த 'டிக்'கை வைத்தே எங்களால் சொல்ல முடிந்தது. வால்வு ஆம்ப்ளிபயருக்கு இந்த நாடகம் இல்லை. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1938இல் கொண்டுவந்த 300பி என்ற வால்வு, ஒற்றையாக நின்றால் எட்டு வாட்டுக்கு மேல் பெரிதாக ஒன்றும் தராது. அது சூடேறிச் சமநிலைக்கு வர அரைமணி நேரமாவது விடவேண்டும் என்பார் முதலாளி. அந்த அரைமணிக்குள் பேச்சு தானாக வியாபாரத்தை விட்டு நகர்ந்து, வாடிக்கையாளரின் மகள் திருமணம் வரை போய்விடும்.

கடையின் பின்மூலையில் ஒரு மேசை. மேலே வளைகிற கழுத்து விளக்கு, பூதக்கண்ணாடி, இடுக்கி, ஒரு சதுரக் கண்ணாடித் துண்டு, கோடுகள் அச்சடித்த ஓர் அட்டை, கிராம் கணக்கில் நிறுக்கும் சின்னத் தராசு. டர்ன்டேபிளுக்கு ஊசி தாங்கும் கார்ட்ரிட்ஜ் பொருத்துவது அங்கேதான். சிடி கொடிகட்டிப் பறந்த காலம் அது. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் இசைத்தட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். இருந்தும் அந்த மேசைக்கு வேலை ஓயவில்லை.

அடிக்கடி வருவது டெனான் டிஎல்-103. 1962இல் ஜப்பானிய ஒலிபரப்புக் கழகமான என்எச்கேக்காக உருவானது, இன்றும் விற்கிறார்கள். அதன் பின்புறம் நாலு ஊசிக்கால்கள். டோன்ஆர்ம் என்ற கையிலிருந்து நாலு ஒயர்கள் வரும்: வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை. வெள்ளையும் நீலமும் இடப்பக்கம், சிவப்பும் பச்சையும் வலப்பக்கம். முடியைவிடக் கொஞ்சமே தடிமன். இடுக்கியால் கிளிப்பைப் பிடித்துக் காலில் ஏற்றும்போது மூச்சை விடாமல் இருப்பது எல்லோருக்கும் தானாக வந்துவிடும். பிறகு எடை: டிஎல்-103க்கு 2.5 கிராம். பிறகுதான் உண்மையான தலைவலி, கோணம்.

தட்டில் பள்ளம் வெட்டும் இயந்திரம் விளிம்பிலிருந்து மையத்துக்கு நேர்கோட்டில் நகர்கிறது. வீட்டில் அதைப் படிக்கும் ஊசியோ ஒரு முளையில் மாட்டிய கையின் நுனியில் இருக்கிறது. அது போவது வில்போல வளைந்த பாதையில். ஆகவே வெட்டிய கோணமும் படிக்கும் கோணமும் தட்டு முழுக்க ஒத்துப்போக வழியே கிடையாது. கையை எவ்வளவு நன்றாக வளைத்துப் பொருத்தினாலும் இரண்டே இடங்களில் சரியாகப் பொருந்தும். மற்ற இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பிசகும். ஸ்வீடன்காரரான எரிக் லோஃப்கிரென் 1938லேயே இதற்கான கணக்கைப் போட்டுவிட்டார். அந்த அட்டையில் இருக்கும் இரண்டு புள்ளிகள் அவர் வழிவந்த கணக்குத்தான். பிசகைப் போக்க முடியாது, பிசகை எங்கே எப்படிப் பரப்பி வைப்பது என்று மட்டும் முடிவு செய்யலாம். முதலாளி கார்ட்ரிட்ஜை அரை மில்லிமீட்டர் முன்னே தள்ளுவார், முதல் புள்ளியில் வைத்துப் பார்ப்பார், இரண்டாவது புள்ளிக்குப் போவார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி திருகாணியைத் தளர்த்துவார். கடைசியில் ஊசியைக் கண்ணாடித் துண்டின் மேல் இறக்கி, ஊசியும் கண்ணாடிக்குள் தெரியும் அதன் பிம்பமும் ஒரே கோடாக நிற்கிறதா என்று எதிரே குந்தி உட்கார்ந்து பார்ப்பார். எழுபதை நெருங்கிய முழங்கால். நான் பார்க்கிறேன் என்றாலும் விடமாட்டார்.

எல்லாம் முடிந்து தட்டைச் சுழலவிட்டு, டோன்ஆர்மை இறக்கும் நெம்புகோலைக் கீழே தள்ளும்போது அவர் வாயிலிருந்து ஒரே சொல் வரும்: "பெலான்-பெலான்." மெதுவாக என்று மலாயில். எனக்கா, ஊசிக்கா என்று தெரியாது. நெம்புகோலுக்குள் இருக்கும் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் கையை விழவிடாமல் தாங்கி இறக்கும். மூன்று, நான்கு விநாடி. ஊசி முதலில் தட்டின் ஓரத்து மழமழப்பைத் தொட்டு, பிறகு பள்ளத்துக்குள் இறங்கும்போது 'தப்' என்று ஒரு சத்தம். நன்றாகப் பொருத்தியிருந்தால் அந்தச் சத்தம் கூட உருண்டையாக, மிருதுவாக இருக்கும். அதைக் கேட்டே முதலாளி தலையசைத்துவிடுவார்.

அதற்குப் பிறகு வருகிறது நான் மிகவும் ரசித்த விஷயம். நல்ல கருவியில், நல்ல அமைதியில், சில தட்டுகளில் பாட்டு தொடங்கும் முன்பே பாட்டு கேட்கும். பாடகி வாய் திறப்பதற்குச் சரியாக 1.8 விநாடிக்கு முன்னால், எங்கோ தூரத்து அறையில் பாடுவதுபோல, முதல் சொல் மிக மெலிதாக ஒருமுறை வந்து போகும். பேய் ஒன்றும் இல்லை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். தாய்த்தட்டில் பள்ளம் வெட்டும்போது பலமான ஒலிக்கான வளைவு பக்கத்துப் பள்ளத்தின் சுவரையும் இம்மியளவு நெளித்துவிடுகிறது. அந்த நெளிவை ஊசி ஒரு சுற்று முன்னதாகவே படித்துவிடுகிறது. மூல நாடாவிலேயே அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று காந்தப்படிவு விடுவதாலும் இப்படி ஒரு முன்னொலி வரும், ஆனால் அதன் இடைவெளி வேறு. குறை என்று சொல்ல வேண்டிய இந்தச் சங்கதியைக் கேட்க முடிந்துவிட்டால் அந்த அறை, ஆம்ப்ளிபயர், ஊசி மூன்றும் சரி என்று பொருள். விலை உயர்ந்த கருவியின் பெருமையை நிரூபிப்பது தட்டின் பழுது. இந்த வேடிக்கையை நான் எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் சொல்லிக் காட்டியிருக்கிறேன். சிலர் வீட்டுக்குப் போய்த் தங்கள் தட்டில் அது இருக்கிறதா என்று தேடி, இருந்ததும் கடைக்கு போன் போட்டுப் புகார் செய்ததும் உண்டு.

ஸ்பீக்கர்களில் என் மனம் நின்றது ஒரு சின்னப் பெட்டியில். எல்எஸ்3/5ஏ. எழுபதுகளில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்தது. வண்டிக்குள் இடமில்லை, ஹெட்போனை நம்பவும் முடியாது. பேசுகிறவர் குரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறிய பெட்டி வேண்டும். உயரம் ஓர் அடி, அகலம் ஏழரை அங்குலம். பிபிசி தானே செய்து விற்கவில்லை. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் போன்ற கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. வண்டிக்குள் வைக்கச் செய்த பெட்டி ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் குடும்பப் பொருளானதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கூடங்களின் அளவைப் பார்த்தால் போதும்.

அதன் முன்துணியைக் கழற்றினால் உள்ளே உச்ச ஒலிக்கான ட்வீட்டரைச் சுற்றி நாலு பக்கமும் கம்பளிப் பட்டை ஒட்டியிருக்கும், பெட்டியின் விளிம்பில் பட்டு ஒலி சிதறாமல் இருக்க. மற்ற ஸ்பீக்கர்களில் துணியைக் கழற்றிக் கேட்பதுதான் ரசிகரின் அடையாளம். இதில் துணி போட்டபடிதான் கேட்க வேண்டும். துணியையும் கணக்கில் சேர்த்தே ஒலியைச் சமன் செய்திருக்கிறார்கள். விவரம் தெரியாமல் துணியைக் கழற்றப் போகிற கையை முதலாளி லேசாகத் தட்டிவிடுவார். ஆழமான பேஸ் அதில் கிடையாது. ஆனால் பேஸுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்ன மேடு வைத்திருக்கிறார்கள். அந்த மேட்டைக் கேட்டு, இல்லாத அடித்தளத்தைக் காதே கட்டிக்கொள்கிறது. குரலோ, ஒரு மனிதர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நிற்கிற மாதிரி நிற்கும். பேசி முடித்து உதடு ஒட்டுவது வரைக்கும் கேட்கும்.

இதை மற்ற ஸ்பீக்கரோடு ஒப்பிட்டுக் காட்டுவதில் ஒரு நேர்மைப் பிரச்சினை இருந்தது. எல்எஸ்3/5ஏ சத்தம் குறைவாக எழுப்பும் ரகம். அதே குமிழ் நிலையில் பக்கத்துப் பெட்டி பல டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். ஒரு டெசிபல் வித்தியாசமே போதும். காது அதைச் 'சத்தம் அதிகம்' என்று சொல்லாது, 'தெளிவு அதிகம்' என்று சொல்லும். விற்க விரும்பும் பெட்டியைக் கடுகளவு உரக்க வைப்பது இந்தத் தொழிலின் மிகப் பழைய தந்திரம். ஆகவே எங்கள் அறையில் நடு நாற்காலியின் தலைமாட்டில் ஒலியளவு மீட்டர் தொங்கும். ஒவ்வொரு முறை ஸ்பீக்கர் மாற்றும்போதும் இரைச்சல் ஒலி ஒன்றைப் போட்டு முள்ளைச் சமப்படுத்திவிட்டுத்தான் பாட்டு. வியாபாரம் இதனால் கொஞ்சம் குறைந்திருக்கும். திரும்பிக் கொண்டுவந்து கொடுக்கிறவர்களும் குறைந்தார்கள்.

ஸ்காட்லாந்தின் லின் கம்பெனி இதைவிட ஒரு படி மேலே போனது. 1972இல் சோண்டெக் எல்பி12 என்ற டர்ன்டேபிளைக் கொண்டுவந்தவர்கள். கேட்கும் அறையில் ஒரே ஒரு ஜோடி ஸ்பீக்கர்தான் இருக்க வேண்டும், மற்றவை வெளியே போக வேண்டும் என்று விற்பனையாளர்களிடம் வற்புறுத்தினார்கள். பேசாமல் நிற்கும் ஸ்பீக்கரின் கூம்பும் அறையின் ஒலிக்கு ஏற்ப அதிர்ந்து ஒலியைக் கெடுக்கும் என்பது வாதம். கேட்கும்போது கிறுக்குத்தனமாகப்படும். ஆனால் சும்மா நிற்கும் பெரிய ஸ்பீக்கரின் கூம்பில் விரல் நுனியை வைத்துப் பார்த்தால், பாட்டின் பேஸுக்கு அது துடிப்பது தெரியும். அது ஒலியை எவ்வளவு கெடுக்கிறது என்பதை விட்டுவிடலாம். பேசாமல் நிற்பதும் அறையில் ஓர் ஆள் என்று எண்ணிய அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருந்தது. ஒயர் விஷயத்தில் மட்டும் இந்தக் கவனம் எல்லை மீறியது. சில கம்பெனிகள் காரின் விலைக்கு ஒயர் விற்றன. கண்ணைக் கட்டிக் கேட்கச் சொன்னபோது யாரும் பந்தயம் கட்ட முன்வரவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் ஒன்றும் இல்லை.

ஸ்பீக்கரை அறையில் எங்கே நிறுத்துவது என்பதில் முதலாளிக்கு ஒரு வழக்கம். பின்சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஹொக்கியனில் ஒன்று முதல் பத்து வரை சத்தமாக எண்ணத் தொடங்குவார். எண்ணிக்கொண்டே ஒவ்வோர் அடியாக முன்னே வருவார். சுவரோரம் குரல் பூதம்போல் பெருத்து ஒலிக்கும். கொஞ்சம் முன்னே வந்ததும் ஓரிடத்தில் அந்தப் பூச்சு உதிர்ந்து அவருடைய சொந்தக் குரல் வெளிவரும். அங்கே நான் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பெயர்போன அமெரிக்காவின் வில்சன் ஆடியோ கம்பெனியும் இதே முறையை விற்பனையாளர்களுக்குக் கற்றுத்தருகிறது. முதலாளி அதைத் தானே கண்டுபிடித்ததாகத்தான் சொல்வார், நான் மறுக்கவில்லை. டேப்புக்கு மேல் டேப் ஒட்டி எங்கள் கம்பளத்தில் நில அளவை வரைபடமே உருவாகியிருந்தது.

பரீட்சைப் பாட்டுகள் ஊருக்கு ஊர் மாறுபடும் என்று நினைப்போம். அப்படியில்லை, உலகத்துக் கடைகளெல்லாம் ஒரே பத்துப் பாட்டைத்தான் தேய்த்தன. 'ஜாஸ் அட் தி பான்ஷாப்' அதில் ஒன்று. 1976 டிசம்பரில் ஸ்டாக்ஹோமின் ஸ்டாம்பன் என்ற கிளப்பில் பதிவு செய்தது. முன்பு அடகுக்கடையாக இருந்த இடம். வாசிப்பு சுமார்தான் என்று ஜாஸ் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஹை-ஃபை ஆட்கள் வாசிப்பைக் கேட்பதற்காக அதைப் போடுவதில்லை. பின்னால் கண்ணாடிக் குவளைகள் உரசுவதை, யாரோ நாற்காலியை நகர்த்துவதை, மூலையில் ஒருவர் சிரிப்பதைக் கேட்கப் போடுகிறார்கள். சீன வாடிக்கையாளர்கள் பை நிறைய சாய் சின் கொண்டுவருவார்கள். 'படகுத்துறை' பாட்டில் விழும் பெரிய மேளத்தின் தோல் அடிபட்டபின் தளர்வது தெரிகிறதா என்று கைகட்டிக் காத்திருப்பார்கள்.

தமிழர்கள் வரத்து குறைவு. வந்தால் எனக்குத்தான் அழைப்பு. இளைஞர்கள் 1992க்குப் பிறகு 'ரோஜா'வோடு வந்தார்கள். அவர்களுக்கு மூத்தவர்கள் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'டோடு. 1986இல் வந்தது, வயலின் கூட்டம் இடமும் வலமுமாகப் பிரிந்து ஓடுவதைக் காட்ட அதைவிடத் தோதான தமிழர் தட்டு வேறில்லை. ஒருவர் சிராங்கூன் சாலையில் வாங்கிய கேசட்டோடு வந்தார். கடையில் அப்போது பழையதாக ஒரு நாகமிச்சி ஆர்எக்ஸ்-505 இருந்தது. தானாக மறுபக்கம் வாசிக்கும் மற்ற டெக்குகள் நாடாவை எதிர்த்திசையில் ஓட்டும். அப்படி ஓட்டினால் நாடாவுக்கும் ஹெட்டுக்கும் உள்ள கோணம் பிசகும். நாகமிச்சி அந்தப் பிசகைப் பொறுக்கவில்லை. பக்கம் முடிந்ததும் அந்த டெக் கேசட்டையே வெளியே தள்ளி, அரைவட்டம் திருப்பி, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். நாம் கையால் செய்வதை அது செய்தது. அவர் பாட்டை மறந்துவிட்டார். "தம்பி, இன்னொரு தடவை திரும்பச் சொல்லுங்க" என்று கேசட் முடியும் இடத்துக்கு மறுபடி மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எங்கள் அறையில் நான் கண்ட கூர்மையான பரீட்சை, மிருதங்கம் வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவருடையது. அவர் கொண்டுவந்தது பழைய மோனோ பதிவு. ஸ்டீரியோ கடைக்கு மோனோவா என்று முகம் சுளிக்க வேண்டாம். இரண்டு ஸ்பீக்கரும் சரிநிகராக இருந்தால் மோனோவில் குரல் நட்டநடுவே ஒல்லியாக நிற்கும், கொஞ்சம் பிசகினாலும் பருத்துப் பக்கவாட்டில் வழியும். முதலில் தம்புராவை மட்டும் கேட்டார். நாலு தந்தி. மட்டமான ட்வீட்டரில் அது ஒரே புகைமூட்டம். நல்லதில் ஒவ்வொரு தந்தியும் மீட்டப்படுவது தனியாகத் தெரிந்து, ஜீவாளி நூல் எழுப்பும் மேற்சுரங்கள் அதன்பின் ஒவ்வொன்றாகக் கிளம்பும். பிறகு தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தின் வலந்தலைக்குப் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் தேறிவிட்டன. இடப்பக்கத் தொப்பியில்தான் விழுந்தன. ஈர ரவை ஒட்டிய அந்தப் பக்கத்தில் கும்கி போடும்போது உள்ளங்கை அழுத்திச் சறுக்க, சுரம் கீழிருந்து மேலே வழுக்கி ஏற வேண்டும். சின்னப் பெட்டிகளில் அது ஏறாமல் 'தொம்' என்று நின்றது. பின்னால் ஓட்டை வைத்த பெரிய பெட்டிகளில் அடி முடிந்த பிறகும் அறை முழங்கியது. பெரியவர் ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கையைத் தொடையில் அழுத்திப் பார்த்துவிட்டு, "கை தெரியல தம்பி" என்றார். எங்கள் அறையில் நின்ற விலை உயர்ந்தவற்றையெல்லாம் அப்படித் தள்ளியவர், கடைசியில் மூலையில் துணி மூடியிருந்த குவாட் ஸ்பீக்கரைக் காட்டி அது என்ன என்றார்.

1957இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது அது. பெட்டியே கிடையாது, உலோகச் சல்லடைக்குப் பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் படலம், இருபுறமும் தகடுகள், ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம். படலத்துக்குக் கிட்டத்தட்ட எடையே இல்லாததால் அடி எழுந்த வேகத்திலேயே எழும், நின்ற இடத்திலேயே நிற்கும். தரையதிரும் பேஸ் வராது, ஆனால் கும்கி வழுக்கியது. பெரியவர் தொடையிலிருந்து கையை எடுக்கவில்லை. "இதுல தெரியுது." முதலாளி அதை விற்க மறுத்துவிட்டார். சிங்கப்பூர் ஈரக்காற்று அதற்குப் பரம விரோதி. மழைக்காலத்தில் மின்சாரம் கசிந்து படபடவென்று பொரியும். விற்றுவிட்டு மாதாமாதம் திட்டு வாங்க அவருக்கு மனமில்லை. இந்த ஊர்க் காற்று யாரையும் விடுவதில்லை. கூம்பின் ஓரத்தில் ஃபோம் வளையம் வைத்த ஸ்பீக்கர்கள் பத்துப் பதினைந்து வருடத்தில் விரலால் தொட்டால் உதிரும். இசைத்தட்டுகளில் பூஞ்சை வெள்ளைப்புள்ளியாகப் பூக்கும். பெரியவர் இரண்டாம் கையாக ஒரு ஜோடி எல்எஸ்3/5ஏ எடுத்துக்கொண்டார். கும்கியைத் தானே மனசில் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். ஸ்டாண்டை இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

டெலிவரிக்குத் தோ பாயோவில் அவர் மகன் வீடு. பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் அப்போது மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. ஸ்பீக்கர் லேசு, அதனோடு அவர் வாங்கிய ஆம்ப்ளிபயரை நிற்கும் மாடியிலிருந்து படியிறங்கித் தூக்கிக்கொண்டு போனோம். அட்டைப் பெட்டிக்குள் அட்டைப் பெட்டி, மூலைக்கு மூலை ஃபோம். எறிந்துவிடாதீர்கள், திரும்ப விற்கும்போது பெட்டிக்குத் தனி விலை என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். கட்டிலடியில் ஏற்கெனவே மிருதங்கப் பெட்டிகள். முதலாளி பின்சுவரில் முதுகை ஒட்டி நின்று ஹொக்கியனில் எண்ணத் தொடங்கியதும் குழந்தைகள் ஓடிவந்து கூடவே எண்ணினார்கள். டேப் ஒட்டியாயிற்று. மீட்டர் வைத்தாயிற்று. பாட்டைப் போட்டால் பல்லவியின் நடுவே ஸ்பீக்கரில் 'டப்' என்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி 'டப்'. முதலாளி கண்ணை மூடிக் கேட்டு, நேரே சமையலறைக்கு நடந்து, ஃப்ரிட்ஜின் மேல் கையை வைத்தார். கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் வருகிற அதிர்ச்சி. பாட்டுக் கேட்கும் நேரத்துக்கு மட்டும் ஃப்ரிட்ஜை அணைத்து வைக்க முடியுமா என்று என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். பெரியவரின் மனைவி வெங்காயம் நறுக்கியபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள மீன் இருக்குப்பா. மீன் கெட்டுப்போகும், உங்க பாட்டு கெட்டுப்போகாது. அவர்கிட்ட சொல்லு."

சொன்னேன். முதலாளி யோசித்துவிட்டு, வண்டியிலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரை எடுத்துவந்து ஆம்ப்ளிபயரைப் படுக்கையறைச் சாக்கெட்டுக்கு இழுத்தார். 'டப்' பாதியாகக் குறைந்தது. ஒயருக்குப் பில் போட வேண்டாம் என்றார்.